ஆவுடையம்மாள் வீட்டுக் கேஸ்

புங்கம்பாறை முன்சீப் கோர்ட்டுக்கு எதிரே மெஸ் நடத்திவந்த ஆவுடையம்மாள், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் புது சிலிண்டரை மாட்டி, ரெகுலேட்டரைத் திருகி, லைட்டரைத் தட்டப்போன நேரத்தில், அடுப்பு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. கோர்ட்டு வாசலில் டவாலி நின்று கூப்பிடுவானே, அதே இழுப்பு, அதே ராகம். "ஆவுடையம்மாள்... ஆவுடையம்மாள்... ஆவுடையம்மாள்!" மூன்று தரம் கூப்பிட்டும் ஆள் இல்லையென்றால் தள்ளுபடி ஆகிவிடும் என்பது அந்த வாசலில் கால்கடுக்க நின்ற எல்லோருக்கும் தெரியும் என்பதால், அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "இருக்கேன்யா" என்றாள். அடுப்பு குப்பென்று பற்றிக்கொண்டது.

பற்றிக்கொண்டதோடு நிற்காமல் பேசவும் ஆரம்பித்தது. இடது பர்னரில் எரிந்த தீ, "மேற்படி முருங்கை மரமானது வாதியின் தகப்பனார் தமது கையால் நட்டு, வாதி சிறு பிராயத்தில் தண்ணீர் ஊற்றி வளர்த்தது" என்று ஓதியது. வலது பர்னரில் எரிந்த தீ, "மேற்படி மரத்துக்கு வாதி ஒரு செம்புத் தண்ணீர்கூட ஊற்றியதில்லை, ஊற்றியது முழுக்கப் பிரதிவாதியே" என்று மறுத்தது. ஆவுடையம்மாள் இரண்டு இடுப்பிலும் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டாள்.

"அட, இது நம்ம கேஸுல்லா" என்றாள்.

காலி சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசல் தாண்டப்போன மைதீன் திரும்பிப் பார்த்தான். "என்னக்கா, லீக்கா?"

"லீக் எல்லாம் இல்ல மைதீனு. கேஸு மாறி வந்திருக்கு."

"எந்தக் கேஸு?"

"முருங்கை மரத்துக் கேஸு."

மைதீன் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "காலையில இருந்து போற வீட்லெல்லாம் இதத்தான் சொல்லுதாங்க. மேலத்தெருவுல ஒரு வீட்டுக்கு ஆடு திருடுன கேஸ் போயிருக்கு. தீயைப் பத்த வச்சா அடுப்புல நிக்க மாட்டேங்குதாம், பின்வாசல் வழியா ஓடுதாம். உங்களுக்கு வந்தது சொந்தக் கேஸ்தானே, சந்தோசப்படுங்க."

அது அப்படிச் சந்தோஷப்படக்கூடிய கேஸ் இல்லை. ஆவுடையம்மாளுக்கு ஒரே தம்பி, பரமார்த்தலிங்கம். அப்பா செத்த பிறகு வீட்டை நடுவில் பிரித்து, ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டு, இரண்டு பாதிக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருச்சாய்ந்து போகிற அகலத்துக்கு ஒரு முடுக்கு விட்டிருந்தார்கள், அந்த முடுக்கில் ஒரு முருங்கை மரம் நின்றது. ஒருநாள் சாம்பாருக்கு நாலு காய் பறிக்க அவள் தொரட்டியை நீட்டியபோது, தம்பி பெண்டாட்டி கோமதி அடுப்படி ஜன்னலில் இருந்து, "ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பறிச்சிருக்கலாம்லா மைனி" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தை ஆவுடையம்மாளுக்கு நெஞ்சில் போய்க் குத்தியது. தொரட்டியைப் போட்ட இடத்திலேயே போட்டுவிட்டு, கையில் இருந்த காயோடு நேராக வக்கீல் கிருபாகரன் வீட்டுக்குப் போய் வழக்குப் போட்டாள். தம்பி எதிர்வழக்குப் போட்டான். கோபத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு மாமனார் ஊரான வாகைவிளைக்குக் குடிபோனான். அவளும் தன் பாதியைப் பூட்டிவிட்டுக் கோர்ட்டுக்கு எதிரே மெஸ் ஆரம்பித்தாள், வாய்தாவுக்குப் போய்வர வசதியாக இருக்கும் என்று. ஒரு புயலில் மரம் வேரோடு சாய்ந்தது, மழையில் மக்கியது, செல் அரித்து மண்ணோடு மண்ணாகப் போனது. கேஸ் மட்டும் ஒரு இலை உதிராமல் நின்றது.

மாதத்துக்கு ஒரு வாய்தா. அவள் கோர்ட்டு வராந்தாவில் இந்த மூலையில் நிற்பாள், அவன் அந்த மூலையில் நிற்பான். பேச்சு கிடையாது. அவன் இளைத்திருக்கிறானா என்று அவள் ஓரக்கண்ணால் பார்ப்பாள், அவள் கால் வீக்கம் வடிந்திருக்கிறதா என்று அவன் பார்ப்பான், டவாலி கூப்பிடுவான், தேதி போடுவார்கள், இருவரும் வேறு வேறு பக்கமாகப் போய்விடுவார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஊரிலிருந்த எல்லா சிலிண்டரிலும் கோர்ட்டுக் கேஸ்கள் இருந்தன என்றால், கோர்ட்டிலிருந்த கேஸ் கட்டுகளில் என்ன இருந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. பீரோவைத் திறந்ததும் கட்டுகளெல்லாம் உப்பிப் பெருத்து, ஒன்றன்பின் ஒன்றாக மேலே மிதந்துபோய்க் கூரையில் முட்டிக்கொண்டு நின்றன. பெஞ்சு கிளார்க் ஒவ்வொன்றுக்கும் ஒரு சணல் கட்டி, நுனியை மேஜைக்காலில் முடிந்து வைத்தார். கோர்ட்டு முழுக்க அந்த வாடை. புதிதாக வேலைக்கு வந்திருந்த இளவயது முன்சீப் அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு எல்லா ஜன்னலையும் திறக்கச் சொன்னார். பிறகு, ஒரு பொறி பட்டால் கட்டடமே போய்விடும் என்பதால், இனிமேல் இந்தக் கோர்ட்டில் யாரும் சூடாக வாதாடக் கூடாது என்று உத்தரவு போட்டார். அன்றிலிருந்து புங்கம்பாறை வக்கீல்கள் ஒருவரையொருவர் "தாங்கள் சொல்வதும் வாஸ்தவம்தான், இருந்தாலும்" என்று தாழ்ந்த குரலில் மறுத்துக்கொண்டார்கள். கட்சிக்காரர்கள் முதலில் ஏமாற்றமாக இருந்தார்கள். பிறகு மதியத் தூக்கத்துக்கு நல்ல இடம் என்று வர ஆரம்பித்தார்கள்.

ஊர் கூடி இதைப் பேசியது. இங்கிலீஷ் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் டுட்டோரியல் நடத்தும் ஜெபக்குமார் சாரைக் கூப்பிட்டார்கள். அவர் பஸ் நிலையச் சுவரில் சாக்பீஸால் ஒரு பக்கம் சி ஏ எஸ் ஈ என்றும் இன்னொரு பக்கம் ஜி ஏ எஸ் என்றும் எழுதிவிட்டுத் திரும்பினார்.

"வெள்ளைக்காரனுக்கு இது ரெண்டு வேற வேற சொல்லு. நமக்கு ஒண்ணு. நாம எழுதுறதும் ஒண்ணு, சொல்றதும் ஒண்ணு."

"அடுப்புல எரியுறது எது சார்?"

"ஜி."

"கோர்ட்டுல நடக்குறது?"

"சி."

"வயித்துல வர்றது?"

"அது ஜி."

அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி எழுந்து, "நாங்க பிரசவக் கேஸுன்னு சொல்லுதோமே, அது?" என்றாள். சி என்றார் சார். மூக்குக் கண்ணாடி வைக்கிற கேஸ்? அதுவும் சி. சோடா பாட்டில் அடுக்குகிற கேஸ்? சி. எங்கள் வீட்டு மருமகன் ஒரு மாதிரிக் கேஸு என்று சொல்கிறோமே, அது எதில் சேரும் என்று ஒருவர் கேட்க, சார் யோசித்து, "சிதான். ஆனா ஆளைப் பொறுத்து ஜி-யாவும் இருக்கலாம்" என்றார்.

கடைசியில் பூக்கடைக்காரர் ஒருவர் பெருமூச்சு விட்டு, "ஒத்தைச் சொல்லு தலையில இத்தனை வேலையைக் கட்டுனா அது பாவம் என்ன செய்யும், வழி தவறத்தானே செய்யும்" என்றார். எல்லோருக்கும் அந்தச் சொல்லின் மேல் இரக்கமாகிவிட்டது. கொஞ்ச நாளைக்கு அதற்கு ஓய்வு கொடுப்பது என்று முடிவாயிற்று. வழக்கு என்றும் எரிவாயு என்றும் மட்டுமே பேசினார்கள். ஆனால் "எரிவாயு பதிவு செய்யணும்" என்று ஒருவர் போன் செய்தபோது கேஸ் ஆபீஸ் பெண் ராங் நம்பர் என்று வைத்துவிட்டாள். "என் மேல் வழக்கு இருக்கிறது" என்று இன்னொருவர் சொன்னபோது அவர் வீட்டிலேயே அவரை யாரும் நம்பவில்லை. ஒரே வாரத்தில் எல்லோரும் பழைய சொல்லுக்கே திரும்பி, வந்ததை வைத்துச் சமைத்துக்கொள்ளப் பழகினார்கள்.

பழகியபின் அதில் சில சௌகரியங்களும் தெரிந்தன. அடிதடிக் கேஸ் வந்த வீட்டில் தோசை முறுகலாக வந்தது. பாகப்பிரிவினைக் கேஸ் வந்த வீட்டில் எந்தப் பண்டம் வைத்தாலும் சரிபாதியாகப் பிளந்துகொண்டது, பிள்ளைகள் சண்டை ஓய்ந்தது. புதுசாகக் கல்யாணமான வீடொன்றுக்கு விவாகரத்துக் கேஸ் போய்விட்டது. அங்கே ஒரு பர்னர் எரிந்தால் மற்றது எரியாது. புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பர்னர் பக்கம் நின்று கெஞ்சிக் கெஞ்சியே நெருக்கமாகிவிட்டார்கள். "உங்க வீட்ல என்ன கேஸு?" என்பது தண்ணீர்க் குழாயடியில் சாதாரணக் கேள்வியாயிற்று. பருப்பு வேகவைக்க நிலத்தகராறு, காப்பிக்குச் சட்டென்று முடிகிற பெட்டி கேஸ் என்று வீட்டுக்கு வீடு மாற்றிக்கொண்டார்கள்.

ஆவுடையம்மாளின் தொல்லை வேறு மாதிரியானது. அவளுடையது பழுத்த சிவில் கேஸ். நிதானமாக எரியும், குழம்பு ருசியாக வரும், ஆனால் நினைத்த நேரத்தில் வாய்தா வாங்கிவிடும். உலை கொதித்து, அரிசி பாதி வெந்து, இலை போட்டு ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது, அடுப்பு தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிரதிவாதி தரப்பு வக்கீல் ஆஜராகாததால் ஒத்திவைக்கப்படுகிறது" என்று அணைந்துவிடும். அவள் கரண்டியை வீசினாலும் எரியாது, காலில் விழுந்தாலும் எரியாது.

வேறு வழியில்லாமல் வக்கீல் கிருபாகரனைக் கூட்டிவந்து அடுப்படியில் நிறுத்தினாள். அவர் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, வியர்த்து வழிய, அடுப்பின் முன் கைகட்டி நின்றார். அவருக்குப் பல காலமாக வயிற்றில் கேஸ் உண்டு, அந்தச் செவ்வாய்க்கிழமை அதுவும் மாறிவிட்டது. ஏப்பம் விட்டால் "ஆட்சேபிக்கிறேன்" என்று வந்தது. வீட்டில் பெண்டாட்டி பேசும்போது ஏப்பம் வந்து அவர் பட்ட பாடு தனிக்கதை. ஆனால் அடுப்படியில் அந்த மனிதர் பெரிய உதவியாக இருந்தார். பால் பொங்கிவரும்போது, "கனம் கோர்ட்டார் அவர்களே, பாலுக்கு இடைக்காலத் தடை கோருகிறேன்" என்று சொல்வார், பால் பாத்திரத்தின் விளிம்பில் அப்படியே நிற்கும். இட்லிக் கொப்பரையில் மூடி திறக்கமாட்டேன் என்று அடம்பிடித்தால், ஜாமீன் கேட்டு ஓர் ஈடு வெளியே எடுத்துத் தருவார். சாப்பிட வருகிறவர்களும் கைகழுவிவிட்டு அடுப்படி வாசலில் வந்து நின்று, தங்கள் சாம்பார் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று வக்கீலிடம் விசாரித்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள்.

நாளாக ஆக அடுப்பு பழைய விவகாரமெல்லாம் முடித்துச் சாட்சி விசாரணைக்கு வந்தது. வலது பர்னரில் பரமார்த்தலிங்கம் கூண்டில் ஏறினான். தீதான், ஆனால் குரல் அவனுடையதே. மூக்கடைத்த மாதிரி, ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஒரு சின்னத் தயக்கத்தோடு. ஆவுடையம்மாள் அந்தக் குரலை அவ்வளவு பக்கத்தில் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. கோர்ட்டில் அவன் பேசினால் அவள் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள். அடுப்பிடம் எங்கே திரும்பிக்கொள்வது? குழம்பு தீய்ந்துவிடுமே.

"உமக்கு முருங்கைக்காய் பிடிக்குமா?" என்று இடது பர்னர் குறுக்கு விசாரணை செய்தது.

"பிடிக்காது" என்றது வலது பர்னர். "சின்ன வயசுலயே பிடிக்காது. அக்காதான் சக்கையை எடுத்துட்டு உள்ளதை வழிச்சுக் குடுப்பா. அப்படின்னா திம்பேன்."

ஆவுடையம்மாள் புளிக்கரைசலை எங்கே ஊற்றுகிறோம் என்று பார்க்காமல் தண்ணீர்க் குடத்தில் ஊற்றிவிட்டாள்.

"பிடிக்காத காய்க்கு ஏன் எதிர்வழக்குப் போட்டீர்?"

"அக்கா போட்டாள்லா. அதான் நானும் போட்டேன்."

"மரம் விழுந்த பிறகு வழக்கை முடித்துக்கொள்ளலாம் என்று உம்முடைய வக்கீல் சொன்னாரா?"

"சொன்னாரு."

"நீர் என்ன சொன்னீர்?"

"வேண்டாம்னேன்."

"ஏன்?"

வலது பர்னர் கொஞ்சம் தயங்கி, நீலமாகி, தொண்டையைச் செருமியது. இடது பர்னர், "நேரமாகிவிட்டபடியால் ஒத்திவைக்கப்படுகிறது" என்றது. இரண்டும் அணைந்தன.

ஆவுடையம்மாள் அடுப்பைத் தோசைக்கரண்டியால் அடித்தாள். "ஏ மூதி, முழுசாச் சொல்லிட்டுச் சாவு!" என்று ட்யூபைப் பிடித்து உலுக்கினாள். வக்கீல் அவசர மனு போட்டுப் பார்த்தார், நடுவில் ஏப்பம் வந்து தன் மனுவைத் தானே ஆட்சேபித்துவிட்டார். அன்றைக்கு மெஸ்ஸில் சாப்பாடு கிடையாது. மறுநாளும் கிடையாது. கோர்ட்டுக்கு வந்த கிராமத்துச் சனமெல்லாம் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, மெஸ் வாசலில் உட்கார்ந்து, தம்பிக்காரன் என்ன சொல்லியிருப்பான் என்று தங்களுக்குள் தர்க்கம் செய்தார்கள். முடுக்குக்காகத்தான் என்றார்கள் சிலர். பெண்டாட்டி தூண்டிவிட்டிருப்பாள் என்றார்கள் சிலர்.

மூன்றாம் நாள் காலை, யாரும் கேட்காமலே அடுப்பு தானாகப் பற்றிக்கொண்டது. டவாலி இல்லை, முகவுரை இல்லை. வலது பர்னர் மட்டும், தலை குனிந்த மாதிரித் தாழ எரிந்துகொண்டு சொன்னது:

"கேஸ் முடிஞ்சிட்டா எங்க அக்காளை நான் எங்க வச்சுப் பாக்குறது?"

ஆவுடையம்மாள் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். வக்கீல் ஏப்பம் வந்தும் விடாமல், வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். வெகு நேரம் கழித்து அவள் எழுந்து அவரிடம் வந்து, "வக்கீலய்யா, இதை வச்சு நான் போயி அவன்கிட்டப் பேசலாமா?" என்று கேட்டாள். அடுப்பு சொன்னது சட்டப்படி சாட்சியம் ஆகாது, நாளைக்கே தம்பி அப்படிச் சொல்லவில்லை என்று மறுத்தால் நம்மிடம் ஆதாரம் கிடையாது என்றார் வக்கீல். அது அவளுக்கு நியாயமாகப் பட்டது. மேலும், மறுத்துவிட்டால்? அதைத் தாங்குகிற தெம்பு அவளுக்கு இல்லை.

அதற்குப் பிறகுதான் பயம் பிடித்தது. சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தாள், லேசாக இருந்தது. இதில் இருப்பது தீர்ந்துபோனால்? "கேஸ் தீந்துபோச்சு" என்று ஊரே தினம் சொல்கிற சொல்தான், அதில் இவ்வளவு பெரிய குழி இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. அன்றிலிருந்து மெஸ் சமையலைக் கொல்லையில் விறகு அடுப்புக்கு மாற்றிவிட்டாள். கேஸ் அடுப்பில் நாளைக்கு ஒரே ஒரு முறை, அதுவும் ஒரு டம்ளர் வெந்நீருக்கு மட்டும், வலது பர்னரைச் சிறுசாக எரியவிட்டு, அது பொதுவாக ஏதாவது முனகுவதைக் கேட்டுவிட்டு அணைத்தாள். சாப்பிடுகிறவர்கள் சோற்றில் புகை வாடை என்று முகம் சுளித்தார்கள். "திங்கதுன்னா தின்னுங்க, இல்லன்னா எந்திங்க" என்றாள்.

அது போதாதென்று முன்சீப் அம்மாவிடமே நேராக முறையிட்டுவிடுவது என்று கோர்ட்டுக்குள் போனாள். "அம்மா, எங்க கேஸு தீந்துராம இருக்கிறதுக்கு ஏதாவது வழி செய்யணும்" என்று கும்பிட்டாள். முன்சீப் அம்மா வேலைக்கு வந்த நாளிலிருந்து எல்லோரும் கேஸைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்கள், அதனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அதோ அங்க இருக்கார் பாருங்க, உங்க எதிர்த்தரப்பு. அவரும் காலையில இதையேதான் கேட்டார்."

ஆவுடையம்மாள் திரும்பினாள். கடைசி பெஞ்சில், அவர்கள் கட்டு மிதந்துகொண்டிருந்த இடத்துக்கு நேர் கீழே, பரமார்த்தலிங்கம் உட்கார்ந்திருந்தான். வாய்தா இல்லாத நாள். முகத்தை அண்ணாந்து, கண்ணை மூடி, மூக்கை விடைத்துக்கொண்டிருந்தான். தினமும் வாகைவிளையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து சாயங்காலம்வரை அப்படியே உட்கார்ந்திருக்கிறார் என்றார் பெஞ்சு கிளார்க். மற்ற கட்டுகளில் கசிவது கேஸ் வாடை, அந்தக் கட்டில் கசிவது மட்டும் பூண்டு தட்டிப்போட்ட மிளகு ரசத்தின் வாடை. ஆவுடையம்மாள் வைக்கிற ரசம். கொஞ்ச நாளாக அதில் விறகுப் புகையும் கலந்து வருகிறது என்று கிளார்க் குறைப்பட்டுக்கொண்டார். அவள் சத்தமில்லாமல் வெளியே வந்து, தெருவைத் தாண்டி, மெஸ்ஸுக்குள் போய், அன்றைக்கு ஒருநாள் மட்டும் கேஸ் அடுப்பில் ரசம் வைத்தாள். இரண்டு பங்கு பூண்டு போட்டு.

அந்த ரசத்தோடு சிலிண்டர் தீர்ந்துபோயிற்று. நுரை கட்டிவரும் நேரத்தில் இடது பர்னர் "ஆக மொத்தத்தில்" என்று ஆரம்பித்து, முடிக்காமலே நின்றது. வலது பர்னர் ஒரு நொடி மஞ்சளாக எரிந்து, "புஸ்" என்று அடங்கியது. எதிர்ப்புறம் கோர்ட்டில் கட்டு காற்றிறங்கிச் சுருங்கி, மெதுவாகக் கீழே இறங்கி, பரமார்த்தலிங்கத்தின் மடியில் வந்து விழுந்தது. முன்சீப் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் தீர்ந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆவுடையம்மாள் மெஸ்ஸை மூடினாள். வயிறு சரியில்லை என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். அடுத்த வாய்தாவாக இருந்திருக்கவேண்டிய நாள் வந்தது, போனது. ஊரில் மற்றவர்கள் வீட்டுக் கேஸ்களும் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. அடுத்து வந்த சிலிண்டர்களில் சிலவற்றில் வெறும் கேஸ் மட்டும் இருந்தது, சிலவற்றில் இன்னும் ஏதாவது முணுமுணுத்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மைதீன் வந்து காலி சிலிண்டரைக் கேட்டபோது அவள் தரவில்லை. "இருக்கட்டும், ஓரமாக் கெடந்துட்டுப் போவுது" என்றாள்.

ஒரு காலையில் யாரோ மெஸ் கதவைத் தட்டினார்கள். திறந்தால் பரமார்த்தலிங்கம் நின்றுகொண்டிருந்தான். வேட்டியைத் தழைத்துவிட்டு, கையில் சுருங்கிப்போன அந்தக் கட்டோடு, அவள் முகத்தைப் பார்க்காமல் நிலைப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"காலி சிலிண்டரைத் தரணும்" என்றான்.

"எதுக்கு?"

"புதுசு புக் பண்ணதுக்கு. காலிக் கட்டும் காலி சிலிண்டரும் ரெண்டும் கொண்டாந்தாத்தான் புதுக்கேஸு எடுத்துக்கிடுவோம்னு கோர்ட்டுல சொல்லுதாங்க."

"யார் மேல போடப்போற?"

"பின்ன வேற யாரு மேல போடுவேன்?" என்று பரமார்த்தலிங்கம் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தான். "உன் மேலதான்."

ஆவுடையம்மாளுக்கு உள்ளே எதுவோ இளகி ஓடியது. ஆனால் அதைக் காட்டிக்கொள்கிற வம்சமில்லை அவர்களுடையது.

"அதெப்படி நீ போடுவ? நான்தானே மூத்தவ. நான்தான் வாதி."

"போன தடவ நீதான இருந்த! இந்தத் தடவ நான் வாதி."

"ஏலே லிங்கம், நான் உசுரோட இருக்கையில நீ வாதியாயிருவியா? உனக்கு மூக்கு ஒழுகையில துடைச்சுவிட்டவ நான்."

"மூக்கைத் துடைச்சா வாதியா? எக்கா, இது எந்தச் சட்டத்துல இருக்கு?"

"எங்க அப்பா சட்டத்துல இருக்கு!"

"எனக்கும் அவருதான் அப்பா!"

சத்தம் கேட்டுப் பூக்கடைக்காரர் வந்தார், மைதீன் சைக்கிளை நிறுத்தினான், வக்கீல் கிருபாகரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து நடுவில் நின்று ஒரு பெரிய ஏப்பம் விட்டார். அது வெறும் ஏப்பமாகவே வந்தது, அவருக்கே கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. இருவரும் அவரைக் கவனிக்கவே இல்லை. சிலிண்டரின் வளையத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு, நீ மெதுவாக நட, நீ வேகமாக நட என்று ஒருவரையொருவர் ஏசிக்கொண்டே தெருவைத் தாண்டிக் கோர்ட்டுக்குள் போய், முன்சீப் அம்மாவின் மேஜை முன்னால் டொம் என்று இறக்கி வைத்தார்கள்.

முன்சீப் அம்மா சிலிண்டரைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார், மூச்சு வாங்க நின்ற இரண்டு பேரையும் பார்த்தார்.

"என்ன கேஸ்?"

அக்காளும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வழிநெடுகச் சண்டை போட்டதில் அதைப் பேசி முடிவுசெய்ய விட்டுப்போயிருந்தது.

"அது இனிமேத்தாம்மா யோசிக்கணும்" என்றாள் ஆவுடையம்மாள்.

"அதுக்கு முன்னால ஒண்ணு" என்று பரமார்த்தலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தான். "வாய்தா மட்டும் கொஞ்சம் பக்கம் பக்கமாத் தரணும்மா."

முன்சீப் அம்மா காலண்டரை எடுத்துப் புரட்டினார், இரண்டு பேர் முகத்தையும் இன்னொரு தரம் பார்த்தார், காலண்டரை மூடி வைத்தார்.

"நாளைக்கு வாங்க" என்றார். "நாளன்னைக்கும் வாங்க."